நீல விரிப்புக்குப் பின்னால்

வியாழக்கிழமை அகதிக் கேஸ் விசாரணை. திங்கட்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த யரிட்சா, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பேஸ்மென்ற் மேசையில் கிடந்த கடிதக்கட்டைப் பிரித்தாள். லோயர் அனுப்பிய பிரதிகள். எல்லாம் பழைய தாள்தான், கடைசி இரண்டைத் தவிர. அந்த இரண்டும் தாய் றெய்னா முன்பு வேலை செய்த தையல் தொழிற்சாலையின் வரவுப் பதிவு. எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று வரிவரியாக அடித்திருந்தது.

ஜூன் பதினாலில் அவள் விரல் நின்றது. உள்ளே, காலை ஆறு. வெளியே, மாலை ஐந்தரை.

கேஸ் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். ஜூன் பதினாலாம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு றெய்னா தன் வீட்டு யன்னலில் நின்று, தன் மகன் டனிலோவை இரண்டு பேர் வெள்ளை வானில் ஏற்றியதைக் கண்ணால் கண்டாள். ஒருவன் பொலிஸ்காரன். இதுதான் கேஸ். இதன்மேல்தான் முழுக் கேஸும் நிற்கிறது.

ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க ஏலாது. பள்ளிக்கூடத்தை எட்டியும் பார்க்காதவனுக்கும் தெரிந்த கணக்கு அது. வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று லோயர் கேட்டாள், பழைய சூப்பர்வைசர் அனுப்பினான், மொழிபெயர்த்தார்கள், அகதிச் சபைக்கும் அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் திகதியை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. யரிட்சா பார்த்தாள்.

தாள்களைப் பழையபடி அடுக்கி, மேலே உப்புப் போத்தலை வைத்தாள். தாய் பஸ்ஸால் இறங்கி வந்ததும், "என்ன கடிதம், மிஹா?" என்று கேட்டாள்.

"பழசுதான் மமி."

மிஹா என்றால் மகளே. தாயும் மகளும் தங்களுக்குள் பேசுவது ஸ்பானிஷ், மற்ற ஆக்களோடு யரிட்சா பேசுவது இங்கிலிஷ். மெக்சிகோவின் வடக்கிலுள்ள ஒரு தொழிற்சாலை நகரத்திலிருந்து, டனிலோ காணாமல் போன அதே வருசம் மார்கழியில், இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். மல்வேர்னில் யோகமலர் என்ற யாழ்ப்பாணத்து மனுசியின் வீட்டு பேஸ்மென்ற்றில் குடியிருப்பு. தாய் கந்தோர்களில் நிலம் துடைக்கப் போவாள். பிள்ளை பள்ளிக்கூடம் போவாள். பள்ளிக்கூடம் முடிந்தால் அவளுடைய இரண்டாவது வேலை தொடங்கும். தாயின் வாய் அவள்தான். டொக்டரிடம் போனால் "எனக்கு மூட்டு நோகுது" என்பாள் பதினாறு வயதுக்காரி. வங்கியில் "எனக்கு நாற்பத்துநாலு வயது" என்பாள். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தன் பாட்டில் எதுவும் சொல்லவேண்டி வந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்பில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டாலே கழுத்து வேர்க்கும். "இந்தப் பிள்ளை நல்ல அமைதி" என்று றிப்போட்டில் எழுதினார்கள். அமைதியா அது? பயம்.

கேஸ் பேப்பரை எழுதியவர் கிளிபோட். லோயர் இல்லை. கேஸ் எழுதுகிறவர். தொண்ணூறுகளில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு எழுதிப் பழகிய கை. யோகமலர்தான் கூட்டிக்கொண்டு போனாள், நல்ல மனதோடுதான். "அவர் எழுதினதில எங்கட ஒழுங்கையில பாதிச் சனம் பாஸ் பண்ணினது" என்றாள்.

பிளாசா ஒன்றின் மேல்மாடியில் அவருடைய அறை. மகன் வாகனம் திருத்தும் கடையில் வேலை செய்தவன், ஒரு வாரம் நகரப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தான், கடையில் கப்பம் கேட்கிறவர்களின் பெயரைச் சொன்னான், அடுத்த வாரம் ஆளைக் காணவில்லை என்று றெய்னா சொல்ல, யரிட்சா இங்கிலிஷில் சொன்னாள். கிளிபோட் பேனையை மூடினார்.

"ஆர் கண்டது?"

"அயலில ஆரோ ஒரு வானைக் கண்டதாம்."

"பிள்ளை, நான் முப்பது வருசமா கேஸ் எழுதுறன். அயலட்டை சொன்னதெண்டு எழுதினால் கேஸ் விசாரிக்கிற மெம்பர் கொட்டாவி விடுவார். கண்ட ஆள் வேணும். பொலிஸ் சேந்துதான் தூக்கினது எண்டதைக் கண்ட ஆள் வேணும். இல்லாட்டி, உங்கட நாட்டில பொலிஸ் இருக்குத்தானே, அங்க போய் அழுங்கோ எண்டு சொல்லுவாங்கள். கொம்மாவைக் கேள், அவ கண்டவதானே?"

யரிட்சா தாயின் பக்கம் திரும்பினாள். தாய் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"நான் எங்க கண்டன்? வேலையில நிண்டன். அவருக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு மிஹா. உனக்குக் கதை சோடிக்க வரும்தானே."

யரிட்சா கிளிபோட்டின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வந்தது சோடித்த கதை இல்லை. வெள்ளை வான், பின்கதவில் நெளிவு. இரண்டு பேர். ஒருவனுக்குப் பொலிஸ் காற்சட்டை, கறுத்த பூட்ஸ். அவன் ஞாயிறு தோறும் கோயிலடியில் அம்மா சோளம் விற்கும் வண்டிலுக்கு வந்து, தேசிக்காய்ப் புளி கூட விடச் சொல்லிக் கேட்கிறவன். டனிலோ கத்தவில்லை. கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் வைத்துவிட்டு ஏறினான்.

கிளிபோட்டின் பேனை ஓடிய ஓட்டம்! "பார், மனுசிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இது கேஸ். இனி இதைச் செபமாலை மாதிரிப் பாடமாக்கோணும். ஒரு மணி தவறப்படாது. விளங்கினதோ?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாய் மெதுவாகக் கேட்டாள். "ஸ்பானர் சுவரில கிடந்தது உண்மை. நான்தான் எடுத்து வைச்சனான். அதை நல்லா உள்ளுக்க கொண்டுவந்தாய். மிச்சத்தை எங்கால எடுத்தனி?"

"ஒரு படத்தில."

படத்தில் இல்லை. அந்த ஜூன் பதினாலு, கணக்குச் சோதனைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தால் களவாக வந்து, மொட்டைமாடியில் ஒளித்திருந்தாள். தாய் காலையில் தோய்த்துப் போட்டுவிட்டுப் போன விரிப்புகள் கொடியில் ஆடின. நீல விரிப்புக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வான் கதவு மூடியதும் பொலிஸ்காரன் நிமிர்ந்தான். காற்றுக்கு விரிப்பு விலகியது. அவன் அவளைக் கண்டான். கோபிக்கவில்லை. சிரித்தான். ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தான், தொட்டிலில் பிள்ளை நித்திரை என்று வீட்டுக்கு வந்தவருக்குக் காட்டுவதுபோல. பிறகு வானில் ஏறிப் போய்விட்டான்.

டனிலோ திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பது தாயின் தங்கை எல்விரா. சோள வண்டில் அவளிடம். அவன் இன்னும் ஞாயிறு தோறும் வருகிறான், புளி கேட்கிறான் என்று போனில் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் யரிட்சாவுக்கு அந்த விரல் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும், அங்கே சித்திக்கு ஏதும் நடக்கும். இது பிள்ளைத்தனம் என்று சொல்ல நினைக்கிறவர்கள் ஒருமுறை அந்த மாடியில் நின்று பார்க்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மனம் பொறுக்காமல் மேலே ஏறிப் போனாள். யோகமலர் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, கேஸ் பேப்பரில ஒரு பிழை இருந்தால் என்ன செய்யிறது?"

"என்ன பிழை?"

"ஒரு நாள். ஒரு நேரம்."

யோகமலர் கையைக் கழுவினாள். சிரிப்பு முகம் போய்விட்டது. "உதைத் தொடாத பிள்ளை. என்ர மச்சான் மகேஸ்வரன், தொண்ணூற்றிரண்டில, மெம்பருக்கு முன்னால மாசத்தை மாத்திச் சொன்னவர். அப்ப முதல் சொன்னது பொய்யோ, இப்ப சொல்லுறது பொய்யோ எண்டு கேட்டு றிஜெக்ற் பண்ணிப்போட்டாங்கள். மனுசன் ஏழு வருசம் அப்பீல் அப்பீலெண்டு திரிஞ்சு தலைமயிர் முழுக்கப் போட்டுது."

"அப்ப பிழையோட போறதோ?"

"பிழையோட போறேல்ல. பேசாமப் போறது. கேட்டதுக்கு மறுமொழி, கேளாததுக்கு வாய் திறக்கப்படாது. நானும் அப்பிடித்தான் பாஸ் பண்ணினனான்." அடுப்பில் கிடந்த கறியை ஒரு கோப்பையில் போட்டு நீட்டினாள். "இந்தா, கொம்மாவுக்கும் குடு. உறைப்புக் காணாதெண்டுதான் சொல்லுவா. உங்கட ஆக்கள் எங்களை விடப் பொல்லாத ஆக்கள்."

யரிட்சா கோப்பையோடு படியிறங்கினாள். வாயை மூடு என்று சொல்ல உலகத்தில் எத்தனை பேர்! ஒருவன் கெட்டதுக்குச் சொன்னான், ஒருத்தி நல்லதுக்குச் சொல்கிறாள். தொண்டைக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதன்கிழமை முழுதும் தாய் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கினாள். வெள்ளை வான், நெளிவு, பூட்ஸ், ஸ்பானர். இடையில் தட்டினால் பிள்ளையைக் கேட்டாள். பிள்ளை எடுத்துக்கொடுத்தாள்.

வியாழன் காலை எட்டே முக்கால். இப்போதெல்லாம் கேஸ் வீடியோவில்தான். யோகமலரின் மகளின் லப்ரொப் மேசையில். மேலே ரீவி நிப்பாட்டியாயிற்று, குக்கர் நிப்பாட்டியாயிற்று, யோகமலர் செருப்பில்லாமல் காலில் மேசு மட்டும் போட்டுக்கொண்டு பூனைமாதிரி நடந்தாள். திரையில் நாலு பெட்டி. ஒன்றில் தாயும் மகளும். ஒன்றில் லோயர் அட்சயா, சின்ன வயதுத் தமிழ்ப் பிள்ளை. ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், தொண்டை கட்டிய குரல். ஒன்றில் தீர்ப்புச் சொல்லும் மெம்பர், நரைத்த தலை, கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட மனுசி.

"அறையில வேற ஆரும் இல்லை எண்டு காட்டுவீங்களோ, தயவுசெய்து?"

யரிட்சா கமராவைச் சுற்றிக் காட்டினாள். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், கட்டில், மாதா படம், தமிழ்க்கடைக் கலண்டர். மெம்பர் நன்றி சொன்னாள். மரியாதையான மனுசி. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவனும் சோளத்துக்குத் தயவுசெய்து என்று சொல்லித்தான் கேட்பான்.

தாய் சொல்லத் தொடங்கினாள். செபமாலை உருண்டது. யரிட்சா இரண்டு வருசத்தில் முதல் தடவையாகச் சும்மா இருந்தாள். தான் கண்டது தாயின் வாயால் போய், முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையின் குரலில் இங்கிலிஷாகித் திரும்பி வந்தது. களவு கொடுத்த சட்டையை வேறு ஆள் போட்டுக்கொண்டு வீதியில் போகிறதைப் பார்ப்பதுபோல இருந்தது.

மெம்பர் கண்ணாடியைப் போட்டாள். தாள் ஒன்று சரசரத்தது.

"உங்கட தொழிற்சாலைப் பதிவு என்னட்ட இருக்கு. ஜூன் பதினாலு, பின்னேரம் ஐந்தரை வரைக்கும் வேலையில நிண்டதா இருக்கு. அப்ப மூண்டு மணிக்கு வீட்டு யன்னலில என்னண்டு நிண்டனீங்கள்?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். றெய்னா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில், மகளைப் பார்த்தாள். டொக்டரிடம், வங்கியில், கடையில் பார்க்கிற அதே பார்வை.

"மகளைப் பாக்காதேங்கோ. நீங்கள் சொல்லுங்கோ."

ஃபேர்னஸ் உறுமத் தொடங்கியது. அட்சயா குறுக்கே வந்து பதினைந்து நிமிச இடைவேளை கேட்டாள். கொடுத்தார்கள்.

மைக்கை நிப்பாட்டியதும் தாய் கையைப் பிடித்தாள். "வயித்துக்குத்தெண்டு இடையில வந்தனான் எண்டு சொல்லவோ? வரவுக் காட்டை வேற ஆள் அடிச்சதெண்டு சொல்லவோ? அங்க அப்பிடிச் செய்யிறதுதானே. சொல்லு மிஹா, எதைச் சொல்ல?"

சொல்லிக்கொடுத்தால் தாய் சொல்வாள். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. மெம்பர் நம்பவும் கூடும். யரிட்சாவின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் போன் அடித்தது. அட்சயா.

"யரிட்சா, அம்மா அண்டைக்கு வீட்டில நிண்டவவோ, இல்லையோ? அம்மாட்டக் கேட்டுச் சொல்லும்."

"இல்லை."

"நீர் இன்னும் கேக்கேல்லையே."

"கேக்கத் தேவையில்லை. நிக்கேல்லை."

"அப்ப உந்த ஸ்பானர், பூட்ஸ் எல்லாம் ஆர் கண்டது?"

சித்தி எல்விரா. சோள வண்டில். விரல். தாய் பக்கத்தில் நின்று, "என்னவாம்? என்ன கேக்கிறாள்?" என்று உலுப்பினாள். இங்கிலிஷ் அவளுக்கு விளங்காது.

"நான்" என்றாள் யரிட்சா.

அட்சயா சொன்னாள். "சரி. இதை உமக்காக நான் சொல்லேலாது. நீர்தான் சொல்லவேணும். விருப்பமில்லாட்டி நான் வற்புறுத்த மாட்டன். இது பிரைவேற், சபை வெளியில விடாது. ஆனா கேஸ் உறுதியா நிக்குமோ எண்டும் நான் சத்தியம் பண்ண மாட்டன். அம்மாவை அறைக்கு வெளியில நிக்கச் சொல்லிப்போட்டு மெம்பரைக் கேக்கச் சொல்லட்டோ?"

அதுதான் லேசான வழி. தாய்க்குத் தெரியாமல் சொல்லலாம். தாய்க்குத் தெரியாமல் கண்டாள், தெரியாமல் வைத்திருந்தாள், இதுவும் அப்படியே முடியும். யரிட்சா தாயைப் பார்த்தாள். அந்த மனுசி இரண்டு வருசமாக, தான் பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தன் பிள்ளையின் கடைசி நிமிசத்தைப் பாடமாக்கிக் கொண்டிருக்கிறாள்.

"மமி இருக்கட்டும். நான் ஸ்பானிஷில சொல்லுறன்."

மெம்பர் திரும்பி வந்தாள். உண்மை சொல்வதாக உறுதி எடுக்கச் சொன்னாள். யரிட்சா எடுத்தாள்.

"அண்டைக்கு நான் பள்ளிக்கூடம் போகேல்ல. கணக்குச் சோதனை. களவா வந்து மாடியில நிண்டனான்."

பக்கத்தில் தாய் மூச்சை உள்ளே இழுத்தாள். யரிட்சா நிப்பாட்டவில்லை. நிப்பாட்டினால் திரும்பத் தொடங்க ஏலாது என்று தெரியும். வான், நெளிவு, பூட்ஸ், தேசிக்காய்ப் புளி, கடைசியாக அவன் தன்னைக் கண்டது. மொழிபெயர்ப்பாளர் பின்னால் ஓடி ஓடி வந்தார்.

"ஸ்பானரைப் பற்றி இன்னும் சொல்லேலுமோ?" என்று மெம்பர் கேட்டாள்.

"டனிலோ அதை உடன வைக்கேல்ல. முதல் தன்ர சேட்டில துடைச்சவன். வடிவாத் துடைச்சு, பிறகுதான் சுவரில வைச்சவன். கடை முதலாளியின்ர ஸ்பானர் அது."

இது கேஸ் பேப்பரில் இல்லை. கிளிபோட்டுக்கும் சொல்லவில்லை.

"அதுதான்!" என்று தாய் கத்தினாள். ஒருவரும் அவளிடம் கேள்வி கேட்கவில்லை. "அதுதான் அதில கிறீஸ் இல்லாமக் கிடந்தது! அவன்ர சாமான் எல்லாம் எண்ணெய், இது மாத்திரம் துப்புரவாக் கிடந்தது. ஏன் ஏனெண்டு நான்..." அதற்குமேல் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி அதையும் இங்கிலிஷில் சொன்னார், விடாமல். மெம்பர் குனிந்து எழுதினாள். நிறைய நேரம் எழுதினாள்.

"அந்த ஆள் உங்களைக் கண்டவர் எண்டு என்னண்டு தெரியும்?"

யரிட்சா கமராவை நேரே பார்த்தாள். கையைத் தூக்கினாள். ஒரு விரலை உதட்டில் வைத்தாள். சிரிக்கவும் செய்தாள், அவன் சிரித்ததுபோல. திரையில் தன் சின்னப் பெட்டியில் அதைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. மெம்பர்தான் கடைசியில் பேசினாள், பதிவுக்காக. "சாட்சி ஒரு விரலைத் தன்ர உதட்டில வைச்சுக் காட்டினவ." பிறகு, "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டாள்.

"அவன் சொல்லவேண்டாம் எண்டவன். நான் கேட்டு நடந்தனான்."

"இப்ப ஏன்?"

"மமியைப் பொய்க்காரி எண்டு நினைக்கப் போறீங்கள். அவ சொன்னது நடந்ததுதான். ஆனா அது என்ர. நான்தான் அவவின்ர பேரில குடுத்தனான்."

முடிவைப் பிறகு எழுத்தில் அறிவிப்பதாகச் சொல்லித் திரையை மூடினார்கள். யோகமலர் தேத்தண்ணியோடு கதவைத் திறந்தவள், இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, தட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னேரம் யரிட்சா மேலே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்த பிறகு, யோகமலர் போனில் கிளிபோட்டுக்குப் போட்ட பூசை பேஸ்மென்ற் வரை கேட்டது. "கண்ட ஆள் பக்கத்துக் கதிரையில இருந்திருக்கு, உமக்குக் கேக்கத் தெரியேல்ல! முப்பது வருச அனுபவமாம்! வையும் போனை!"

தாய் ஏசவில்லை. அழவுமில்லை. கட்டில் நுனியில் இருந்தபடி நெடுநேரம் கழித்துக் கேட்டாள்.

"எந்த விரிப்புக்குப் பின்னால நிண்டனி? வெள்ளையோ, நீலமோ?"

"நீலம்."

"காய்ஞ்சிருந்ததோ?"

"அடிக்கரை மட்டும் ஈரம்."

தாய் தலையை ஆட்டினாள். இன்னும் கேட்டாள். வெயில் எந்தப் பக்கம், டனிலோ மேலே பார்த்தானா, என்ன சேட் போட்டிருந்தான். யரிட்சா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலே பார்க்கவில்லை. மஞ்சள் சேட். தாயின் முகம் அங்கே போய்விட்டது, பிள்ளை நின்ற மாடிக்கு. தனியே நின்ற இடத்தில் இப்போது இரண்டு பேர் நின்றார்கள்.

அதன்பிறகு ஒன்பது வாரம். கடிதப்பெட்டி கிளிக் என்றால் நெஞ்சு கிளிக் என்றது. ஞாயிறு தோறும் எல்விராவுக்குப் போன் எடுத்து, அவள் "அலோ" என்று சொல்லும்வரை யரிட்சா மூச்சுவிடவில்லை. பேப்பரில் பொய் எழுதினதுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தாய் பெட்டியைக்கூடத் தூசு தட்டி வைத்தாள்.

தை மாதம், முழங்கால் அளவு ஸ்னோ கிடந்த ஒரு நாள், கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். தாயின் வாக்குமூலம் ஒரு இடத்தில் உண்மையில்லை, மகளின் சாட்சியை நம்புகிறேன் என்று மெம்பர் எழுதியிருந்தாள். யரிட்சா அந்த வரியைத் தாய்க்கு ஸ்பானிஷில் வாசித்தாள். இன்னொருக்கால் வாசி என்றாள் தாய். வாசித்தாள். யோகமலர் மேலேயிருந்து இறங்கி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, "வாயை மூடச் சொன்ன என்ர வாயைத்தான் தைக்கோணும்" என்றாள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கடிதத்தை வாசித்து அது ஓடாது. அடுத்த நாள் காலை இரண்டு பேரும் நீல்சன் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது பொலிஸ் கார் ஒன்று மெதுவாக வந்து சிவப்பு லைற்றில் நின்றது. உள்ளே இருந்தவன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான், இவர்களைப் பார்க்கக்கூட இல்லை. முன்பென்றால் யரிட்சா பேசாமல் தாயின் மறுபக்கம் போய் ஒளித்திருப்பாள். தாயும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டாள்.

"மமி, எனக்குப் பயமா இருக்கு."

தாய் கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும்தான்" என்றாள்.

லைற் பச்சை விழுந்தது. கார் போனது. பஸ் வர இன்னும் ஆறு நிமிசம் இருந்தது. அதுவரைக்கும் இரண்டு பேரும் அதைப்பற்றித்தான் கதைத்தார்கள்.